நாங்கூழும் நம் இல்லமும்

காஞ்சி மாநகர் ஒரு புழுவினால் வாழ்கின்றது. பிள்ளையார்பாளையத் தெருக்களில் வைகறையில் நடந்து செல்வோர், வீதியின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சியிடும் காட்சியைக் காண்பர்; வீடுகளினுள்ளிருந்து எழும் தறியோசையையும் கேட்பர். அத்தறிகளில் ஏறும் பட்டு பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருவது. சரிகை கூர்ச்சரத்துச் சூரத்து நகரிலிருந்து வருவது. முசுக்கட்டை இலையைத் தின்று வளர்ந்த ஒரு சிறு புழு, ஆயிரம் மீட்டரை ஒட்டிய நீளமுள்ள ஓர் இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளுகின்றது. அது வெளிவருமுன் அக்கூட்டினை ஆவியிலும் வெந்நீரிலும் இட்டு, அவ்விழையை நாம் எடுத்துக்கொள்கின்றோம். ஆயினும், புழுவின் வாயூறலால் ஆயது பட்டு என்று எவரும் அதனை அருவருப்பதில்லை. மணவறையிலும் வழிபாட்டிடத்திலும் அதற்கே முதன்மை.

மற்றொரு புழு உண்டு. மழை பெய்த மறுநாள் முற்றத்தில் அது நெளியக் கண்டால் காலை விலக்கி முகஞ்சுளிக்கின்றோம். அதற்குத் தமிழில் நாங்கூழ் என்று பெயர். மண்புழு என்பது யாவரும் அறிந்த வழக்கு. இவ்விரண்டாம் புழுவை ஒவ்வோர் இல்லத்திலும் வளர்த்தல் வேண்டும் என்பதும், அதனைப் பொழுதுபோக்காகக் கருதாது கடமையாகவே கொள்ளல் வேண்டும் என்பதும் ஈண்டு யாம் கூற விழைவன.

இக்கருத்து எமக்கு எழுந்த வகையை மறையாது கூறுதல் முறையாம். ஈராண்டுக்கு முன்னர்க் கிறித்துமசு விடுமுறையில் யாம் காஞ்சியிலுள்ள எம் இல்லத்தில் இருந்தோம். நாடோறும் காலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரான அம்மையார், எம் வீட்டுக் குப்பைப் பையை அவிழ்த்துப் பிரிக்கலானார். முன்னாளிரவு உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்றை யாமே அப்பையில் இட்டிருந்தோம். அதன்மேல் மீந்த சோறும் காய்கறித் தோலும் கிடந்தமையால் துண்டு வெளியே தெரியவில்லை. அம்மையார் கையை உள்ளே விட்டார். விரல் கிழிந்து குருதி ஒழுகிற்று. யாம் பதறித் துணி கொண்டு சென்று, "அக்கா, எம் பிழை, பொறுத்தருள வேண்டும்" என்றோம். அவரோ, "பரவாயில்லை தம்பி, இது எங்களுக்கு வழக்கந்தான்" என்று சொல்லி, விரலைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் சென்றார்.

'வழக்கம்' என்னும் அச்சொல் அன்று முழுதும் எம்மை விட்டு நீங்கவில்லை. பிறன்பால் அன்பு பூணுதல் வேண்டும் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த யாம், எம் கழிவினை மூடிக் கட்டி ஒரு தாயின் கையிற் கொடுத்துவிட்டு, அதனுள் என்ன உளது என்று எண்ணிப் பாராமல் பத்தொன்பது ஆண்டு வாழ்ந்திருந்தோம். கண்ணாடியைத் தாளிற் சுற்றித் தனியே கொடுத்திருக்கலாம், அஃது எளிது. ஆயின் அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. ஈரமும் உலர்வும் ஒன்றாய்க் கலப்பதனாலேயே குப்பை நாறுகின்றது. உள்ளிருப்பது தெரியாது மறைகின்றது. பிரிப்பதற்கு ஒருவர் கைவிட வேண்டியதாகின்றது. வீட்டுக் கழிவிற் பாதியோ அதனின் மிக்கதோ மட்கும் பொருளே. அப்பகுதி வீட்டை விட்டு வெளியேறாதாயின் எஞ்சியது உலர்ந்த பொருளே. அதனை எவரும் கண்ணாற் கண்டு பிரிக்கலாம்.

சட்டமும் இதனையே கூறிற்று. 2016-ஆம் ஆண்டில் நடுவணரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்குவது, மட்காதது, தீங்கு தருவது என மூவகையாக வீட்டார் தாமே பிரித்துக் கொடுத்தல் வேண்டும் என்று விதித்தன. விதி வந்து பல்லாண்டு ஆயின. நம் தெருக்களிலோ ஒரே பையில் யாவும் இடுதல் இன்னும் ஒழிந்தபாடில்லை. பெருங்கூட்டம் கூடும் நாள்களில் இதன் சுமை எத்தகையது என்பதைக் காஞ்சி நன்கு அறியும். 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாள் அத்திவரதரைக் காண மக்கள் வெள்ளமாய் வந்தபொழுது, வந்தவர் ஊர் திரும்பினர். அவர் விட்டுச் சென்ற இலையையும் மாலையையும் நெகிழிப் பையையும் அள்ளுதற்கு எஞ்சி நின்றோர் இப்பணியாளரே.

தமிழ் பயில்வோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். நாம் இன்று இகழ்ந்து கூறும் 'குப்பை' என்னும் சொல் உழவர் வாயில் எருவினைக் குறிக்கும். 'வயலுக்குக் குப்பை அடித்தோம்' என்று அவர் கூறுவது எருவை வண்டியில் ஏற்றிச் சென்று கொட்டியதனையே. உழவு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் எருவிடுதலை உழுதலினும் மேலாக வைத்தமையும் நாம் அறிவோம். எருவாய் இருந்த குப்பை இழிபொருளாய் மாறியது, வீட்டுக் கொல்லையிலிருந்த எருக்குழி மறைந்து, கழிவு தெருமுனைக்குச் சென்ற நாள்முதல் என்று கருதுகின்றோம்.

நாங்கூழின் பெருமையை உலகிற்கு விரித்துரைத்தவருள் தலைசிறந்தவர் சார்லசு டார்வின் ஆவர். தம் இறுதிப் பெருநூலை அவர் இப்புழுவைப் பற்றியே எழுதி 1881-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு உயிர் நீத்தார். இங்கிலாந்தின் பல இடங்களில், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் இப்புழுக்களின் உடல்வழியே சென்று மேலே வருகின்றது என்று அவர் கணித்தார். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1891-ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியரான சுந்தரம் பிள்ளை அவர்கள் தம் மனோன்மணீயத்தை வெளியிட்டார்கள். அந்நாடகத்தில் வரும் நடராசன் என்னும் இளைஞன் வயலில் ஒரு நாங்கூழைக் கண்டு, பிறர் அறியாது அது செய்யும் உழைப்பை வியந்து பேசுகின்றான். அரண்மனையும் போரும் நிறைந்த நாடகத்தில் இச்சிற்றுயிர்க்கு ஓர் இடம் வைத்த புலவரின் நெஞ்சம் போற்றற்குரியது. அப்பகுதியைத் தேர்வுக்காகப் படித்து மறந்த தோழர்கள் மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

வீட்டினுள்ளே பெட்டியில் புழு வளர்க்கும் முறையை மேல்நாட்டிற் பரப்பியவருள் ஒருவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மேரி ஆப்பல்ஹாப் அம்மையார்; புழுக்கள் தம் வீட்டுக் குப்பையைத் தின்னும் செய்தியை 1982-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். நம் நாட்டில், சென்னை நியூ காலேஜில் விலங்கியற் பேராசிரியராய் விளங்கிய முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள், நம் மண்ணுக்குரிய புழுக்களையே இப்பணிக்குக் கொள்ளலாம் என்று ஆராய்ந்து, உழவர்க்கும் மாணவர்க்கும் கற்பித்தார்கள். ஆப்பிரிக்கப் புழுவாகிய யூட்ரிலசும், ஐரோப்பியச் செம்புழுவாகிய ஐசீனியாவும் கடைகளிற் கிடைக்கும். எனினும் பெரியோனிக்சு என்னும் நம் நாட்டுப் புழு, பழைய சாணக் குவியலின் அடியிலேயே கிடைப்பது. நம் வெப்பத்துக்குப் பழகியது. யாம் தெரிந்தெடுத்தது அதனையே.

இனி, பெட்டி அமைக்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள ஒரு மரப்பெட்டி அல்லது பழைய தொட்டி போதும். அடியில் நீர் வடியுமாறு சிறு துளைகள் இடுக. முதலில் உடைந்த செங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் ஊறவைத்த தென்னை நார், அதன்மேல் இரண்டு வாரம் ஆறவிட்ட சாணம் எனப் படிப்படியாகப் பரப்புக. புதுச்சாணம் உள்ளே சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும்; ஆதலின் ஆறவிடுதல் இன்றியமையாதது. பின்னர்க் கால் கிலோ அளவு புழுவை மேலே விட்டால் அவை தாமே இருளை நாடி உள்ளே சென்றுவிடும். ஈரச் சாக்கினால் மூடி நிழலில் வைக்க. நாங்கூழுக்கு நுரையீரல் இல்லை. தோலினாலே மூச்சு விடுவது. தோல் உலர்ந்தாலும் இறக்கும். நீரில் மூழ்கிக் கிடந்தாலும் இறக்கும். ஒரு பிடி எருவை எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிதல் வேண்டும், அதுவே அளவு.

உணவிடுதலிலும் அளவு உண்டு. புழுக்கள் நாளொன்றுக்குத் தம் எடையில் ஏறக்குறையப் பாதி தின்னும் என்பர். ஆகவே, கால் கிலோ புழுவுக்கு நாள்தோறும் நூறு கிராமுக்கு மேல் இடலாகாது. காய்கறித் தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், வாடிய மலர் ஆகியன நல்லன. சிறிதாய் நறுக்கியிட்டால் விரைந்து மட்கும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு, இறைச்சி, மீன், எலுமிச்சைத் தோல், மிளகாய் ஆகியவற்றை விலக்குக. மாலையை இடும்பொழுது வாழைநாரால் தொடுத்ததாயின் அவ்வாறே இடலாம்; நெகிழி நூலும் மின்னும் தாளும் இருப்பின் அவற்றை உருவி எடுத்தபின்னரே இடுதல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு திங்களில் எரு கருநிறமாய்த் தேயிலைத் தூள்போல் உதிரும். நீர் தெளிப்பதைச் சில நாள் நிறுத்தி, வெளிச்சத்தில் குவியலாய்க் குவித்தால் புழுக்கள் அடிக்குச் செல்லும். மேலிருக்கும் எருவை வழித்தெடுத்துச் சலித்துக்கொள்ளலாம்.

இவையனைத்தும் எளிதே என்று கூறி அன்பர்களை ஏய்க்க மாட்டோம். எம் முதற்பெட்டி அழிந்தது. மாடியில் தகரக் கூரையின் கீழ் வைத்துவிட்டு, நிழல் உளதென்று மனநிறைவு கொண்டோம். சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து பெட்டியை உலையாக்கிற்று. மாலையில் திறந்து பார்த்தபொழுது புழுக்கள் சுவரேறித் தப்ப முயன்று, பெட்டியின் விளிம்பிலே உலர்ந்து கிடந்தன. இரண்டாம் முறை, மீந்த சோற்றை இரக்கத்தால் மிகுதியாக இட்டோம். புளித்து நாறியதோடு எறும்புப் படையையும் அழைத்து வந்தது. எம் பாட்டியார் முதலில், "வீட்டில் புழுவா? கிணற்றடியோடு வைத்துக்கொள்" என்று கடிந்தவர்கள். இரண்டாம் பெட்டியும் கெட்டபின், அவர்களே கிணற்றடியில் வேப்ப மரத்து நிழலைக் காட்டி, பெட்டியின் நான்கு கால்களையும் நீர்க் கிண்ணங்களில் நிறுத்தச் செய்தார்கள். ஊறுகாய்ச் சாடிக்கு எறும்பு வாராமல் காப்பது போன்றதே இது என்றார்கள். மூன்றாம் பெட்டி இன்றும் நன்றாக உள்ளது. இரண்டாய்ப் பெருகியும் விட்டது.

இதனைக் கேட்ட நண்பர் சிலர் எழுப்பிய தடைகளுக்கும் விடை கூறுதல் கடன்.

'வீட்டுவரி செலுத்துகின்றோம், குப்பையை அகற்றுவது மாநகராட்சியின் பொறுப்பன்றோ?' என்பர் ஒருசாரார். வரி, அகற்றும் உழைப்புக்கு ஈடாகலாம். அவ்வுழைப்பை வேண்டுமளவு இழிவாக்கவும் இடர்ப்படுத்தவும் நமக்கு உரிமை தருவதாகாது. அன்றியும், ஈரமும் நெகிழியும் கலந்து ஊர்ப்புறத்து மேடாய்க் குவிந்த குப்பை, காற்றுப் புகாது அழுகி மீதேன் வளியை எழுப்பும், தீப்பற்றியும் எரியும். எவ்வரியும் அப்புகையை நம் நெஞ்சினின்று விலக்காது.

'இடமில்லை' என்பர் மற்றொருசாரார். இது மெய்யான தடை. இதனை இகழ்தல் தகாது. வீட்டின் பாதியைத் தறியே கொண்ட நெசவாளர் இல்லங்கள் நம் நகரில் மிகப் பல. எம் அண்டை வீட்டு நெசவாளர் ஒருவர், யாம் பெட்டியைப் பற்றிக் கூறியதும், தறியடியில் வைக்கலாமா என்று வினவினார். அங்கே இருளும் குளிர்ச்சியும் உண்டே என்பது அவர் கருத்து. டார்வின் செய்த ஓர் ஆய்வு அப்பொழுது நினைவுக்கு வந்தது. புழுக்கள் இருந்த தொட்டிகளைப் பியானோவின் அருகில் வைத்து வாசித்தபொழுது அவை சற்றும் அசையவில்லை. அதே தொட்டிகளைப் பியானோவின்மேல் வைத்துத் தட்டியபொழுது உடனே வளைக்குள் ஒடுங்கின. ஓசையை அவை கேளா; அதிர்வை உணரும். ஆதலின் தறியடி வேண்டா என்றோம். அவர் பின்வாயிற் படியருகே ஒரு சிறு வாளியில் தொடங்கினார். அவ்வளவும் இயலாத இல்லங்கள் நாலைந்து கூடித் தெருக்கிணற்றடியில் ஒரு பெட்டியைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். இடம் உள்ளோர் முந்துறுதல் வேண்டும். இடமில்லாதோரைக் குறைகூறுவது அதன்பின் இருக்கட்டும்.

'அருவருப்பாயிருக்கிறது' என்பர் மூன்றாமவர். உண்மையில் இதுவே முதன்மையான தடை என்றும், ஏனையவை இதன் மாற்றுடைகளே என்றும் கருதுகின்றோம். கழிவைத் தொடும் கை தாழ்ந்தது, தொடாத கை உயர்ந்தது என்னும் எண்ணம் இந்நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியது. எந்தப் பிறப்பினர் எந்த வேலையைச் செய்வது என்று வகுத்ததும் அதுவே. அதனை மேடையில் எதிர்த்துப் பேசும் நாம், நம் வீட்டு வாழைப்பழத் தோலை இருநாள் நம் வீட்டிலேயே வைத்திருக்க ஒருப்படாதவராய் இருக்கின்றோம். புழுப்பெட்டியைத் திறந்து, நம் கையால் எருவைக் கிளறி, ஈரம் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அவ்வெண்ணத்தின் வேர் ஒன்று அறுகின்றது. எம் தோட்டத்துக் கத்தரிச் செடி செழித்தமை உண்மை. ஆயின் எரு கிடைக்காவிடினும் இக்காரணம் ஒன்றற்காகவே இப்பணியைச் செய்வோம்.

இப்பொழுது எம் வீட்டுப் பையில் உலர்ந்த பொருளே செல்கின்றது. உடைந்த கண்ணாடி தாளிற் சுற்றிப் பெயரெழுதித் தனியே செல்கின்றது. சென்ற தசரா விடுமுறையில் அவ்வம்மையார் பையை அவிழ்த்து நோக்கி, "உங்கள் வீட்டுப் பை நாறுவதில்லை தம்பி" என்றார். அதனைப் பாராட்டாக ஏற்க எமக்கு மனம் துணியவில்லை. எம் தெருவில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் உள; ஒரு பை நாறாமையால் அவர் விரல் காக்கப்பட்டதாகாது.

ஆதலின் நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம். விடுதிச் சமையலறையில் நாள்தோறும் கழியும் காய்கறித் தோல் சிறிதன்று. விடுதிக்குப் பின்னே மரநிழலும் நீர்க்குழாயும் உள. ஒவ்வொரு விடுதியும் நான்கு பெட்டிகளுடன் தொடங்கலாம். ஞாயிறுதோறும் சிற்றாலயத்தில் வைத்து வாடிய மலர்களையும் அவற்றிலேயே இடலாம். ஈரம் பார்ப்பதும் உணவிடுவதும் மாணவர் முறைவைத்துச் செய்தல் வேண்டும். பணியாளர் தலையில் இன்னொரு வேலையாக அதனை ஏற்றுதல் கூடாது. அவ்வாறு ஏற்றினால் இம்முயற்சியின் பொருளே போய்விடும். பழைய மாணவரான பெரியோர்களும் தத்தம் இல்லங்களில் தொடங்கி எமக்கு வழிகாட்டுவார்களாக.

கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் வாரத்தில், எம் பெட்டியிலிருந்து புழுக்களைச் சாணத்தோடு ஒரு பானையில் இட்டுக் கொண்டுவருவோம். விரும்பும் தோழர்கள் அடியில் துளையிட்ட ஒரு தொட்டியும் ஈரச் சாக்கும் கொண்டுவந்தால் ஆளுக்கொரு பிடி தருவோம். தகரக் கூரையின் கீழ் மட்டும் வையாதிருப்பாராக.